மோரிஸ் மைனரில் மோட்டார் ஏரியல்: முதலில் எர்த்தைப் பாருங்கள்

வண்டி 1960ஆம் ஆண்டு மோரிஸ் மைனர் 1000, 948 சிசி எஞ்சின். யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ரகம். இதில் மோட்டார் ஏரியல், அதாவது சிறு மோட்டாரால் ஏறி இறங்கும் ரேடியோ ஆன்டெனா, பொருத்துவது ஒருநாள் வேலை. ஓட்டை போட அரை மணி நேரம், வயர் இழுக்க இரண்டு மணி நேரம். மீதி நேரமெல்லாம் அளப்பதிலும் சோதிப்பதிலும்தான் போனது. அதைச் செய்யாமல் கடைக்குப் போய்ப் பெட்டியோடு ஏரியலை வாங்கி வந்திருந்தால் ரேடியோ போயிருக்கும்.

காரணம், இந்த வண்டி பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கிறது. ஃபியூஸ் பெட்டி வழியாக வருகிற 'கரண்ட் வயர்' உண்மையில் நெகட்டிவ். மைனர் உற்பத்தி நின்றவரை இப்படித்தான் வந்தது. இன்று கடையில் கிடைக்கும் ரேடியோ, ஆட்டோமேட்டிக் ஏரியல் எல்லாமே நெகட்டிவ் எர்த் வண்டிக்குச் செய்தவை. அவற்றின் உலோகக் கூடு நெகட்டிவோடு சேர்ந்திருக்கும்.

ரேடியோவின் கூடு பாடியில் படாமல் ரப்பர் வைத்துத் தூக்கிக் கட்டி, சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏரியல் வயரை மறந்துவிடுகிறார்கள். அந்த வயரின் வெளிப் பின்னல் வலை ஒரு முனையில் ரேடியோ கூட்டோடு, மறுமுனையில் ஏரியலின் உடம்பு வழியாக மட்கார்டோடு சேர்ந்திருக்கிறது. ரேடியோ கூடு நெகட்டிவ், மட்கார்டு பாசிட்டிவ். ஏரியல் பிளக்கைச் செருகிய நொடியில் முழுப் பேட்டரியும் அந்த மெல்லிய பின்னல் வழியாக ஷார்ட் ஆகும். ஃபியூஸ் சரியான அளவில் இருந்தால் அது போகும். இல்லையென்றால் ஏரியல் வயர் உருகும், சில சமயம் ரேடியோவின் உள்ளே செம்புத் தடமும் சேர்ந்து எரியும்.

இந்த வண்டியில் இருந்தது பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ. பின்பக்கத்தில் எர்த் எந்தப் பக்கம் என்று மாற்றிச் செருகும் சிறு பிளக் உண்டு. அதைப் பாசிட்டிவுக்கு வைத்தோம், ரேடியோ பிரச்சினை அதோடு தீர்ந்தது. புது ரேடியோதான் வேண்டும் என்றால் உள்ளீடும் வெளியீடும் தொடர்பில்லாமல் பிரிந்திருக்கும் 12 வோல்ட் கன்வெர்ட்டர் வைக்கலாம், அல்லது வண்டியையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றலாம். மாற்றுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. பேட்டரியைத் திருப்பி வைத்து, பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலின் இரண்டு சிறு வயர்களையும் இடம் மாற்றி, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவுக்கு மறுபடி காந்தம் ஏற்ற வேண்டும். டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் எஃப் முனையின் வயரைக் கழற்றி, அந்த வயரின் நுனியை ஏ முனையில் இரண்டு மூன்று தடவை தட்டி எடுத்தால் அது முடியும். பேட்டரியின் பாசிட்டிவ் முனை நெகட்டிவை விடத் தடிமன் என்பதால் கிளாம்புகளையும் மாற்ற வேண்டிவரும். நாங்கள் வண்டியை அப்படியே விட்டோம்.

ஏரியல் மோட்டாரில் இரண்டு வகை. ரேடியோ போட்டதும் தானே எழும்புவது ஒன்று. அதில் நிரந்தரக் கரண்ட், எர்த், ரேடியோவிலிருந்து வரும் சிக்னல் என்று மூன்று வயர். உள்ளே ரிலேயோ சின்ன சர்க்யூட்டோ இருக்கும், துருவம் மாறினால் போய்விடும். மற்றது வெறும் மோட்டார். இரண்டே வயர், துருவத்தைத் திருப்பினால் ஏறும் அல்லது இறங்கும். டாஷ்போர்டில் ஸ்விட்சை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் வண்டிக்கு இரண்டாவதுதான் சரி. மலிவும் அதுதான், பழுது பார்ப்பதும் சுலபம். பழைய வண்டிக்குத் தானியங்கி எதற்கு என்பது எங்கள் எண்ணம். ஆனால் வாங்கும்போதே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, மோட்டாரின் ஒவ்வொரு வயருக்கும் ஏரியலின் உலோக உடம்புக்கும் இடையே பாருங்கள். இரண்டிலும் தொடர்பே இருக்கக் கூடாது. மோட்டாரின் ஒரு முனையை உடம்போடு சேர்த்த ரகமும் சந்தையில் உண்டு, அதைத் தொடாதீர்கள்.

இடம் தேர்வு. மைனரில் டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும் காயில் எல்லாம் எஞ்சினின் வலப்பக்கம். தீப்பொறி இரைச்சல் பிறக்கும் இடம் அது. அதனால் ஏரியல் இடது முன் மட்கார்டில்.

மோட்டார் ஏரியலின் உடம்பு மட்கார்டுக்குக் கீழே சாதாரணமாக 35 முதல் 40 செ.மீ. தொங்கும். மோட்டார் பக்கவாட்டில் புடைத்திருக்கும். அதே நீளத்துக்கு ஒரு பிவிசி குழாயை வெட்டி, மோட்டார் அளவுக்கு அட்டையைச் சுற்றி ஒட்டி, சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இடுக்கில் நிறுத்திப் பார்த்தோம். ஜாக் போட்டுச் சக்கரத்தை இரு பக்கமும் முழுக்க ஒடித்தோம், ஜாக்கை இறக்கி முன்பக்கத்தை அமுக்கியும் பார்த்தோம். பானட்டைத் தூக்கி, கதவை முழுக்கத் திறந்து, கம்பியில் படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் பிறகுதான் பென்சில் புள்ளி. மட்கார்டு வளைவாக இருப்பதால் கம்பி நேராக நிற்கப் பெட்டியில் வரும் சாய்வு வாஷரைத் திருப்பித் திருப்பி வைத்துக் கோணம் பிடிக்க வேண்டும். தள்ளி நின்று கண்ணாடித் தூணோடு ஒப்பிட்டால் சாய்வு தெரிந்துவிடும்.

ஓட்டை 22 மி.மீ. மேலும் கீழும் மாஸ்கிங் டேப், சென்டர் பஞ்ச், 3 மி.மீ. டிரில், பிறகு படிப்படியாக விரியும் ஸ்டெப் டிரில். வட்டமாக அறுக்கும் ஹோல்சாவை இங்கே பயன்படுத்தாதீர்கள். வளைந்த தகட்டில் அது ஒரு பக்கம் கடித்துத் துள்ளும், பெயிண்ட் நாசமாகும். விளிம்பை அரத்தால் தேய்த்து ஜிங்க் பிரைமர் பூசினோம். மட்கார்டின் அடிப்பக்கத்தில் மட்டும், ஏரியலின் பல் வாஷர் கடிக்கும் வளையத்தை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டினோம். இங்கே எர்த் சரியில்லாவிட்டால் பின்னல் வலை கவசமாக வேலை செய்யாது, எஞ்சின் இரைச்சலெல்லாம் உள்ளே வரும். நட்டை முறுக்கியபின் ஏரியல் உடம்புக்கும் மட்கார்டுக்கும் இடையே அரை ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மைனரில் மட்கார்டே போல்ட்டால் மாட்டியது, இடையில் பைப்பிங் என்ற இடைப்பட்டையும் பெயிண்டும் உண்டு. ஆகவே மட்கார்டுக்கும் பாடிக்கும் இடையிலும் அளந்தோம். மீட்டர் முள் ஆடியது. ஒரு போல்ட்டைக் கழற்றி, அடியைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கியதும் நின்றது. அதன் மேல் வாசலின் தடவினோம், துரு வராமலிருக்க.

வயரிங். மைனரின் ஃபியூஸ் பெட்டியில் இரண்டே ஃபியூஸ், நான்கு முனை. ஏ1–ஏ2 எப்போதும் கரண்ட் உள்ளது, ஹாரனுக்குப் போவது. ஏ3–ஏ4 சாவி போட்டால் மட்டும். ஏரியலுக்கு ஏ2. சாவியை எடுத்த பிறகு கம்பி வெளியே நிற்கிறதே என்று நினைவு வந்தால் இறக்க முடியும். ஆனால் அங்கே இருப்பது லூகாஸ் 35 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ். அந்த 35 என்பது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான். இரண்டில் எதுவானாலும் 3 ஆம்பியர் மோட்டாருக்கு அது காவல் இல்லை. ஏ2-விலிருந்து புறப்பட்ட உடனே, ஒரு சாண் தூரத்துக்குள், 7.5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வயரிலேயே சேர்த்தோம்.

ஸ்விட்ச் ஆறு முனை உடையது. விட்டால் நடுவுக்குத் திரும்பி எல்லாத் தொடர்பையும் துண்டிக்கும் வகை. நடு இரண்டு முனையிலும் மோட்டார் வயர்கள். மேல் இரண்டில் இடது கரண்ட், வலது எர்த். கீழ் இரண்டும் மேலிரண்டோடு குறுக்காக: மேல் இடதிலிருந்து கீழ் வலதுக்கு, மேல் வலதிலிருந்து கீழ் இடதுக்கு. அமுக்கினால் இறங்க வேண்டியது ஏறுகிறதா, நடு வயர் இரண்டையும் மாற்றுங்கள், வேறெதையும் தொட வேண்டாம். வயர் 1.5 சதுர மி.மீ. போகவர 3 மீட்டருக்கு அதன் தடை 0.035 ஓம், 5 ஆம்பியர் இழுத்தாலும் விழுவது 0.2 வோல்ட்டுக்குள். இன்னும் மெல்லியதும் போதும், ஆனால் சக்கரக் குழிக்குள் போகும் வயருக்கு உடல் வலு வேண்டும். தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம்.

வண்டியில் மாட்டுமுன் மேசையில் பேட்டரியோடு ஓட்டிப் பார்த்தோம். ஓடும்போது 2 முதல் 3 ஆம்பியர். முழுக்க ஏறியதும் உள்ளே கிளட்ச் நழுவிக் கடகடக்கும், அப்போது கரண்ட் எகிறும். அந்தச் சத்தம் பழுதல்ல, விரலை எடுக்கச் சொல்கிறது. பிடித்துக்கொண்டே இருந்தால் கம்பியைத் தள்ளி இழுக்கும் பல் வைத்த நைலான் வடத்தின் நுனி தேய்ந்துபோகும். எஞ்சின் சும்மா சுற்றும்போது டைனமோ கிட்டத்தட்ட ஒன்றும் தராது, ஹெட்லைட்டும் எரிந்தால் ஏரியல் சோம்பலாக ஏறும். மோட்டாரைச் சந்தேகிக்குமுன் அதன் முனையில் வோல்ட் பாருங்கள்.

இனி ஏரியல் வயர். இங்கேதான் நல்ல மெக்கானிக்கும் தவறுகிறார். டாஷ்போர்டு வரை எட்டவில்லையென்றால் வீட்டில் கிடக்கும் டிவி கேபிளை ஒட்டிவிடுவது வழக்கம். எஃப்எம்முக்கு அது பெரிய கேடில்லை. 100 மெகாஹெர்ட்ஸில் கால் அலை 75 செ.மீ., கம்பி அந்த அளவுக்கு நெருக்கமாக இருக்கிறது. மத்திய அலை அப்படியில்லை. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 320 மீட்டர். அதற்கு முன்னால் ஒரு மீட்டர் கம்பி என்பது 10, 15 பிக்கோஃபாரட் கண்டென்சர்தான். வயரின் கொள்திறன் அந்தச் சிறு சிக்னலைப் பங்கு போட்டு எர்த்துக்கு இழுக்கும். கார் ஏரியல் வயருக்குள் நடுக்கம்பி மயிரிழைபோல் மெல்லியதாக, சுற்றிலும் காற்றோடு இருப்பது இதற்காகவே. டிவி கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 67 பிக்கோஃபாரட். ஒரு மீட்டர் சேர்த்தாலே மத்திய அலை பாதியாகக் குறையும். நீட்ட வேண்டுமென்றால் கார் ஏரியலுக்கென்றே விற்கும் நீட்டிப்பு வயரை வாங்குங்கள்.

பிளக்கைச் செருகுமுன் இரண்டு சோதனை. கம்பி நுனிக்கும் பிளக்கின் நடு ஊசிக்கும் தொடர்பு இருக்க வேண்டும், ஊசிக்கும் பிளக்கின் வெளி வளையத்துக்கும் இருக்கக் கூடாது. இரண்டாவதில் மெகாஓம் அளவில் ஏதாவது காட்டினால் வயருக்குள் தண்ணீர் என்று அர்த்தம். செருகியபின் கம்பியை முழுக்க ஏற்றி, 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பலவீனமான நிலையத்தைப் பிடித்து, ரேடியோவில் ஏரியல் ஓட்டையருகே உள்ள டிரிம்மர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி ஒலி கூடும் இடத்தில் நிறுத்த வேண்டும். புது ஏரியல் போட்டால் இதைத் திரும்பச் செய்தே ஆக வேண்டும். பாதிப் பேர் செய்வதில்லை, ஏரியலைக் குறை சொல்கிறார்கள்.

எஞ்சினை எழுப்பியதும் சீழ்க்கை கேட்டால் டைனமோ. அதன் தடித்த டி முனையில் 1 மைக்ரோஃபாரட் கண்டென்சர், எஃப் முனையில் போடவே கூடாது. டிக்டிக் என்றால் இக்னிஷன். காயிலில் சாவி ஸ்விட்சிலிருந்து கரண்ட் வரும் எஸ்டபிள்யூ முனையில் அதே அளவு கண்டென்சர். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சிபி முனையில் வைத்தால் அதற்குள் இருக்கும் பாயிண்டின் கண்டென்சரோடு சேர்ந்து பொறி பலவீனமாகும். எங்களுக்கு மிச்சம் இருந்த கரகரப்பு ரெசிஸ்டர் பிளக் கேப் நான்கு போட்டதும் அடங்கியது.

கடைசியாக மாட்டியது வடிகுழாய். ஏரியலின் அடியில் ஒரு சிறு மூக்கு இருக்கும். மழைத் தண்ணீர் கம்பி வழியாக இறங்கி அங்கேதான் வெளியேற வேண்டும். அதில் ரப்பர் குழாய் போட்டு, எங்கும் மேலே வளையாமல் நேராகக் கீழே இறக்கி, நுனியைச் சாய்வாக வெட்டினோம். சக்கரம் வாரியடிக்கும் சேற்றுக்கு மோட்டாரின் முன்னால் பழைய டியூப் ரப்பர்த் தகடு ஒன்று, அடிப்பக்கம் திறந்தபடி. முழுக்கச் சுற்றிக் கட்டினால் வியர்த்து உள்ளேயே துருப்பிடிக்கும். கம்பிக்கு எண்ணெய் கிரீஸ் எதுவும் கிடையாது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மாதம் ஒருதரம் ஒவ்வொரு அடுக்காகத் துடைத்து, உலர்ந்தபின் இரண்டு தடவை ஏற்றி இறக்குகிறோம். கடற்கரைப் பக்கம் ஓடிய வாரத்தில் முதலில் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு.