ஏற்பி உள்ளே போனதா, வெளியே வராமலே நின்றதா?

பிசி12 செல்லை ப்ராஜெக்ட்டுக்கு எடுக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்காக இந்தப் பதிவு. எலியின் அட்ரீனல் கட்டியிலிருந்து 1976-இல் கிரீனும் டிஷ்லரும் உருவாக்கிய செல் அது. நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப் 50 நானோகிராம்/மிலி கொடுத்தால் சில நாளில் இழை விடும். பலரும் இழையை அளந்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். உள்ளே ஏற்பிகளின் (செல் சவ்வில் நின்று வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கும் புரதங்களின்) போக்குவரத்தும் மாறுகிறது, அதைப் பார்க்காமல் விடக்கூடாது.

வலி நிவாரணத்தோடு தொடர்புள்ள டெல்டா ஓபியாய்டு ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். என்ஜிஎஃப் 100 நானோகிராம்/மிலி ஒரு மணி நேரம் இருந்தால், புதிதாக உருவான ஏற்பியில் ஒரு பகுதி கோல்கியை (புதிய புரதங்களைப் பிரித்து வெளியே அனுப்பும் உள்ளுறுப்பை) தாண்டாமல் தேங்கிவிடும். நுண்ணோக்கியில் கருவுக்குப் பக்கத்தில் ஒரு பளிச் திட்டாகத் தெரியும். சவ்விலிருந்து உள்ளிழுக்கப்பட்டதும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும், இங்கேதான் தவறு நடக்கிறது. மாங்கூழ் ஆலை வாசலில் லாரி நிற்கிறது. போச்சம்பள்ளி சந்தைக்குப் போய்த் திரும்பியதா, கிளம்பவே இல்லையா? நிற்பதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

பிரித்தறிய, வெளிப்பக்க முனையில் ஃப்ளாக் (ஆன்டிபாடி பிடிக்கும் சிறு அடையாள ஒட்டு), உள்பக்க முனையில் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) உள்ள ஏற்பி வேண்டும். உயிருள்ள செல்லுக்கு சிவப்புச் சாயம் இணைத்த ஃப்ளாக் ஆன்டிபாடியை 10 நிமிடம் முன்னரே கொடுங்கள். என்ஜிஎஃப் இருக்கும் அந்த ஒரு மணி நேரமும் அது ஊடகத்திலேயே இருக்கட்டும், இல்லையேல் இடையில் வெளியே வந்து திரும்பிய ஏற்பி கணக்கில் தவறிவிடும். பிறகு 4% பாராபார்மால்டிஹைடில் 20 நிமிடம். திட்டில் பச்சையோடு சிவப்பும் இருந்தால் திரும்பி வந்தது. பச்சை மட்டும் என்றால் வெளியே போகவே இல்லை. கோல்கியின் வெளியேறும் பக்கத்தைக் காட்டும் டிஜிஎன்38 புரதத்தின் சாயமும் அதே இடத்தில் விழவேண்டும். முன்கூட்டியே சைக்ளோஹெக்ஸிமைடு கொடுத்து புரத உற்பத்தியை நிறுத்தினால் திட்டு உருவாகாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத முடிவை நாங்கள் ஏற்பதில்லை.

ஃப்ளாக் ஆன்டிபாடியில் எம்1 என்ற வகைக்கு கால்சியம் அவசியம். கால்சியம் இல்லாத பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசலில்) கழுவினால் சிவப்பு கழன்று, எல்லாமே 'தேங்கியது' போலத் தோன்றும். என்ஜிஎஃப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், 0.1% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) சேர்த்துச் சிறு பங்குகளாக உறையவையுங்கள். பெங்களூரிலிருந்து வரும் பெட்டியில் உலர் பனிக்கட்டி மிச்சமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செல் கொத்துக் கொத்தாக இருந்தால் 22 கேஜ் ஊசியில் ஐந்தாறு முறை இழுத்து விடுங்கள், கொலாஜன் பூசிய தட்டில் போடுங்கள். கரன்ட் போய் இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்தால் ஊடகம் ஊதாவாகும், அந்தத் தட்டை ஒதுக்கிவிடுங்கள்.

கண்ணாடித் தகடுகளில் எண் மட்டும் எழுதி, எதற்கு என்ஜிஎஃப் கொடுத்தது என்று தெரியாதவரை எண்ணச் சொல்லுங்கள்.