கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு

பெப்ரவரி 21, 2025
அப்பாவை இன்றைக்கும் விடவில்லை. வலது கை அப்படியே கிடக்கிறது. ஸ்கேனுக்குக் கண்டிக்குப் போகணுமாம், தேதி பிறகு சொல்வார்களாம்.

பெப்ரவரி 22
கொழும்பிலிருந்து என் விஞ்ஞானக் கதைப் புத்தகத்தின் புரூஃப் வந்துவிட்டது. 112 பக்கம், 300 பிரதி, மீதிக் காசு ஏப்ரலுக்குள். பேருந்திலேயே வாசித்துக்கொண்டு வந்தேன். பக்கம் 87ல் ஒரு வரி மீன்முள்ளாய்ச் சிக்கிக்கொண்டது. "அவன் மேலேயும் அவள் கீழேயும் ஒரே நேரத்தில் அடித்தார்கள்." தப்புப் பறையைத்தான். எழுதும்போது எவ்வளவு பெருமை! அவன் இருக்கும் விண்வெளி நிலையம் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றுகிறது. அங்கே போக ஒளிக்கே 0.12 நொடி. அவள் அடி அவனுக்குக் கேட்டு, அவன் அடி அவளுக்குத் திரும்பிவர 0.24. கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவு. சும்மா வாசிக்கிறவருக்கு இது ஒன்றுமே இல்லை, தப்பு அடிக்கிறவனுக்கு ஊர் சிரிக்கிற பிழை. எழுத்தாளன் விட்ட பிழை என்றும் தப்பிக்க முடியாது, தப்புக்காரனும் நான்தானே.

பெப்ரவரி 24
நூலக விழாவுக்கு அழைப்பு. "சேர், அப்படியே தப்பையும் கொண்டு வந்துருங்க." அப்படியே! கதை வாசிக்க ஐந்து நிமிடம், தப்புக்கு அரை மணி. போன வருடம் ஒரு கூட்டத்தில் "இவர் விஞ்ஞானக் கதைகளும் எழுதுவார்" என்று அறிமுகம் செய்தார்கள், அந்த 'உம்' இன்னும் காதில் நிற்கிறது. வேறொரு இடத்தில் எழுத்தாளர் என்று மட்டும் சொல்லி, தப்பை மேசைக்கு அடியில் வைக்கச் சொன்னார்கள். சாவு வீட்டுத் தோல் அல்லவா, மேடைக்கு ஆகாது. கணக்குப் பார்த்தால் கதைக்குக் கிடைப்பது இதழின் இரண்டு பிரதி, தப்புக்கு மூவாயிரம் ரூபாயும் ஒரு சோற்றுப் பார்சலும். குடும்பத்தைக் காப்பாற்றுவது எதுவென்று கேட்டால் இரண்டுமில்லை, வாத்தியார் சம்பளம்.

பெப்ரவரி 26
சிவராத்திரி. நானும் தூங்கவில்லை, பக்தியால் இல்லை. பின்கட்டில் நின்றால் சிவனொளிபாதமலைப் படிகளின் விளக்குகள் தெரிகின்றன. சின்ன வயதில் மலை இருட்டில் மறைந்ததும் அந்த வெளிச்சக் கோடு மட்டும் வானத்தில் தொங்கும். ஏணி என்றுதான் நினைத்திருந்தேன். ஏறிப் போனால் எங்கே முடியும் என்று அப்பாவிடம் கேட்டதற்கு, "டீக்கடையில" என்றார். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் 1979ல் வந்த நாவலில் இந்த மலையை மனதில் வைத்துத்தான் விண்வெளிக்கு லிஃப்ட் கட்டினார். அதற்குப் பூமத்திய ரேகை வேண்டும், அதனால் தீவையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவிட்டார். அவர் தீவையே நகர்த்துவார், நான் 0.24 நொடியை நகர்த்தக் கூடாதா? கூடாது. அவர் தள்ளிவிட்டேன் என்று பின்னுரையிலேயே சொல்லிவிட்டார், நான் தெரியாமல் எழுதிவிட்டு இப்போது முழிக்கிறேன்.

என் முதல் கதைகூட வானத்திலிருந்து வந்ததுதான். 1974 டிசம்பர் 4, ஹஜ் பயணிகளோடு கொழும்புக்குப் போன விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் போய்விட்டார்கள். அப்பா சொல்லச் சொல்லக் கேட்டு, அந்த விமானம் நூறு வருடம் கழித்துப் பத்திரமாக இறங்குவதாக எழுதினேன். பள்ளி மலரில் போட்டார்கள். அப்பா வாசிக்கச் சொல்லிக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை, குச்சி சீவிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 27
சுஜாதா போய்ப் பதினேழு வருடம். அதே 2008ல், சரியாக மூன்று வாரத்தில் கிளார்க்கும்.

மார்ச் 2
காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியாயிற்று. அப்பா இல்லாத முதல் கம்பம். வைக்கோல் கிடைக்கவில்லை, பழைய பரீட்சைத் தாள்களைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினோம். தோல் சூடேறி, விரலால் சுண்டினால் டங்கென்று வரவேண்டும். மூடுபனி இறங்கினால் பத்து நிமிடத்தில் தொப்பென்று ஆகிவிடும், திரும்ப நெருப்பு. ஒன்பதாம் வகுப்புக் கணிதம் நன்றாகவே எரிந்தது.

சித்தப்பாவிடம் 0.24ஐச் சொன்னேன். சத்தத்துக்கு அது ஏறக்குறைய 80 மீட்டர், எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடியிலிருந்து தண்ணீர்ப் பீலிக்கரை வரைக்கும். அவர் உடனே, "ஊர்வலத்துல அவ்வளவு தூரத்துல அடிச்சிருக்கோமே! காதால அடிக்காதடா, கண்ணால அடி. முன்னால போறவன் கையப் பாரு." சரிதான், ஆனால் அங்கே ஒளியே பிந்தித்தான் வருகிறது சித்தப்பா. கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவன எறங்கி வரச் சொல்லு."

மார்ச் 4
நண்பன் அழைத்தான். இப்போதைய இணையச் செயற்கைக்கோள்கள் 550 கிலோமீட்டரில்தான் பறக்கின்றனவாம், அவனை அங்கே இறக்கிவிட்டால் பிரச்சினையே இல்லையாம். சித்தப்பா சொன்னதைத்தான் இவனும் சொல்கிறான். ஆனால் 550ல் இருப்பவன் சில நிமிடத்தில் மலையைத் தாண்டிப் போய்விடுவான். என் ஆள் அவள் தலைக்கு மேலேயே நிற்க வேண்டும், கதையே அதுதான்.

மார்ச் 5
பனடோல். தூக்கம்.

மார்ச் 7
கண்டி போய் வந்தோம். ஸ்கேன் முடிந்தது. ஐந்து மணி நேரம் தள்ளுவண்டிக் கட்டிலில் வராந்தாவில் கிடந்தார். என்னைப் பார்த்து, "குச்சி?" என்றார். அந்த ஒரு சொல்தான் தெளிவாக வந்தது. பிறகு இடது கை விரலால் கட்டில் கம்பியில் தட்ட ஆரம்பித்தார். முதலில் புரியவில்லை, தாளம் நொண்டுவதாகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், அது காமன் அடி, வலது கை விழ வேண்டிய இடங்களை விட்டு விட்டுத் தட்டுகிறார் என்று தெரிந்தது. விட்ட இடங்களில் நான் தட்டினேன். தாதி திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஃபோனில் நேரம் பிடித்துப் பார்த்தேன். நிமிடத்துக்கு 120க்கும் 130க்கும் நடுவில். 125 என்று வைத்தால் ஓர் அடிக்கு 0.48 நொடி. பாதி 0.24!

மார்ச் 8
நேற்று ராத்திரி முழுக்க இதேதான். அவள் அடிப்பது 0.12 பிந்தி அவனுக்குக் கேட்கும், கேட்டவுடன் அவன் அதோடு சேர்த்து அடிப்பான், அது இவளுடைய இரண்டு அடிகளுக்கு நட்டநடுவில் வந்து விழும். மேலே அவனுக்குக் கேட்பது சேர்ந்தடி, கீழே இவளுக்குக் கேட்பது மாற்றடி. ஒரே ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் வேறு வேறு தாளம், இரண்டுமே சரி. தீவை நகர்த்தத் தேவையில்லை, 125ல் அடித்தால் போதும். மகளை எழுப்பிச் சொன்னேன், "சரிப்பா, லைட்ட அணைங்க" என்றாள்.

பக்கம் 87 மட்டுமில்லை, 81லிருந்தே திருத்த வேண்டும்.

மார்ச் 11
அச்சகத்தில் ஏழு பக்கம் மாற்ற முடியாது என்கிறார்கள், மாற்றினால் தனிக் காசாம். அப்பாவின் மருந்துச் சீட்டும் அதே சட்டைப்பையில். ஸ்கேனைப் பற்றி டாக்டர் நாளைக்குச் சொல்வாராம். நாளை என்றால் நாளை மறுநாள், அது போயா, பௌர்ணமி விடுமுறை, அப்போ வெள்ளி.

மார்ச் 13
இன்றிரவு காமன் எரிப்பு. சித்தப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது, முன்னடி நான்தான். ஃபோனை நோர்வூட் தங்கச்சி மகனிடம் கொடுத்து வார்டுக்கு அனுப்பியிருக்கிறேன், எட்டு மணிக்கு அழைத்து அப்பா காதில் வைப்பான். அதிலும் எவ்வளவு பிந்துமோ. மழை தூறுகிறது, பரீட்சைத் தாள் தீர்ந்துவிட்டது, புரூஃபை எடுத்துப் போகிறேன், முதல் எண்பது பக்கத்தை மட்டும்