கெமிக்கல் முடித்து பயோபிராசஸ் பக்கம் வருகிறவர்களுக்கு

உயிருள்ள செல்களை வளர்த்து மருந்து போன்றவற்றைத் தயாரிப்பதுதான் பயோபிராசஸ். அதில் மேற்படிப்புக்குப் போக நினைக்கும் பி.டெக் கெமிக்கல் முடித்தவர்கள், எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வில் சி.எச். (கெமிக்கல்) தாள் எழுதுவதா, பி.டி. (பயோடெக்னாலஜி) தாள் எழுதுவதா என்று குழம்புகிறார்கள். சி.எச். எழுதுங்கள். ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர் எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பி.டி. தாளுக்கு இம்யூனாலஜி முதல் மரபியல் வரை புதிதாகப் படிக்க வேண்டும். எந்தத் துறை எந்தத் தாளை ஏற்கிறது என்பதை மட்டும் அந்த ஆண்டு பிரோஷரில் பார்த்துவிடுங்கள். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும்.

பிளான்ட் வேலைதான் வேண்டுமென்றால் 2 ஆண்டு எம்.டெக் போதும், உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். பிராசஸ் டெவலப்மென்ட் வேண்டுமென்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் இருப்பது போன்ற ஆய்வு வழி எம்.எஸ். இன்னும் பொருத்தம். அங்கே வகுப்பு குறைவு, தீசிஸ்தான் பிரதானம்.

இன்டர்வியூவில் சலிக்காமல் கேட்கத் தகுந்த கேள்வி ஒன்று உண்டு. 5 லிட்டர் ஃபெர்மென்டரில் (நுண்ணுயிர் வளர்க்கும் கலனில்) நன்றாக வளர்ந்த ஈ.கோலை பாக்டீரியா 5,000 லிட்டரில் ஏன் திணறுகிறது? அதே வடிவத்தில் பெரிதாக்கினால் கொள்ளளவு 1,000 மடங்காகிறது, சுவர்ப் பரப்போ 100 மடங்குதான். செல்கள் உண்டாக்கும் சூட்டை, கலனைச் சுற்றியுள்ள குளிர்நீர் ஜாக்கெட்டால் இழுக்க முடிவதில்லை. ஆக்ஸிஜன் கதை இன்னும் மோசம். 37 டிகிரியில் காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்குச் சுமார் 7 மி.கி. ஆக்ஸிஜன்தான் கரைந்திருக்கும். அடர்த்தியாக வளர்ந்த ஈ.கோலை அதைச் சில நொடிகளில் குடித்துவிடும். அதனால்தான் கே.எல்.ஏ. மதிப்பை, அதாவது ஆக்ஸிஜன் காற்றிலிருந்து திரவத்துக்குள் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை, அளக்கத் தெரிந்திருக்க வேண்டும். நைட்ரஜன் விட்டு ஆக்ஸிஜனை வெளியேற்றி, பிறகு காற்றைத் திறந்து, டி.ஓ. (கரைந்த ஆக்ஸிஜன் அளவு) ஏறுவதைப் புரோப் எனும் உணர்கருவியால் பதிவு செய்கிறோம். பலர் சறுக்குவது இங்கேதான். கே.எல்.ஏ. மணிக்கு 360 என்றால் அதன் கால அளவு (3,600 நொடியை 360 ஆல் வகுத்தால்) 10 நொடி. புரோபும் அதே 10 நொடி தாமதித்தால், கிராஃபில் வருவது பாதி புரோபின் குணம். மணிக்கு 36 என்றால் 100 நொடி, கவலையில்லை.

மருந்துப் புரதம் தயாரிக்கப் பயன்படும் சி.ஹெச்.ஓ. எனும் ஹாம்ஸ்டர் செல்களில் சிக்கல் வேறு. நுண்குமிழி ஸ்பார்ஜரில் (வாயுவைக் குமிழியாக விடும் குழாயில்) தூய ஆக்ஸிஜன் விட்டால் டி.ஓ. குறையாமல் நிற்கும், ஆனால் வாயு ஓட்டம் குறைவதால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறாது. பி.எச். இறங்கும், அதைச் சரிசெய்யப் பேஸ் (காரம்) சேர்ப்போம், ஆஸ்மோலாலிட்டி (திரவத்தில் கரைந்த பொருள்களின் செறிவு) ஏறும், கடைசியில் புரதத்தின் அளவு குறையும். இந்தச் சங்கிலியைத் தடுமாறாமல் சொல்பவருக்கு ஆய்வகச் செய்முறையை ஆலைக்குக் கொண்டுபோகும் டெக் டிரான்ஸ்ஃபர் குழுவில் வேலை இருக்கிறது.

பெங்களூரு, ஹைதராபாத்தின் பயோடெக் வளாகமான ஜீனோம் வேலி என்று வேலைக்குப் போகும்போது எல்லாரும் செல் வளர்க்கும் அப்ஸ்ட்ரீம்தான் கேட்கிறார்கள். வளர்ந்ததிலிருந்து பொருளைப் பிரித்துச் சுத்திகரிக்கும் டவுன்ஸ்ட்ரீமையும் பாருங்கள். குரோமட்டோகிராஃபியும் அல்ட்ராஃபில்ட்ரேஷனும் நமக்குப் பழகிய மாஸ் டிரான்ஸ்ஃபரேதான்.

அமெரிக்காவில் கெமிக்கல் பிஎச்.டி.க்குப் பொதுவாகக் கல்விக் கட்டணமும் மாதச் சம்பளமும் கிடைக்கும், எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் கைக்காசு. நிதியுதவியோடு வரும் சேர்க்கை வாய்ப்புகளை ஏற்பதா என்று பதில் சொல்லும் கெடு வழக்கமாக ஏப்ரல் 15.

எங்கே சேர்ந்தாலும், கைடிடம் பேசும் முன் அவருடைய மாணவர்களிடம் பேசுங்கள். ஃபெர்மென்டர் கடைசியாக எப்போது ஓடியது, கன்டாமினேஷன் வந்தால் யார் பார்க்கிறார்கள், டி.ஓ. புரோப் கெட்டால் மாற்று வர எத்தனை மாதம் என்று கேளுங்கள்.