அந்த மாத்திரை வேலை செய்யாது

"இதையும் சேர்த்துச் சாப்பிட்டா அந்த மாத்திரை வேலை செய்யாது அக்கா." செப்டம்பர் மாதத்து மாலை ஒன்றில், கவுண்டரில் ஆறேழு பேர் நின்றிருந்தபோது, ஒரு கையில் வேறொருவருடைய மீதிச் சில்லறையை வைத்துக்கொண்டு நான் சொன்ன வாக்கியம் இது. மருந்தியல் படித்தவன் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன் என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அவர் மூன்று ஆண்டுகளாக மாதம் தவறாமல் எங்கள் மருந்துக் கடைக்கு வந்து, மார்பகப் புற்றுநோய்க்கான டாமோக்சிஃபென் 20 மில்லிகிராம் மூன்று அட்டை வாங்குகிறவர். அட்டையைப் பிரிக்கிற அன்றே, ஒவ்வொரு மாத்திரையின் பின்புறமும் வெள்ளித்தாளில் பேனாவால் தேதி எழுதிவிடுவார், அவ்வளவு ஒழுங்கு. கூட்டம் இல்லாத பிற்பகல்களில் அவரிடம் நான் நிறையவே பேசியிருக்கிறேன். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம், ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ திடீரென்று மூச்சுத் திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வழக்கத்துக்கு மாறாக உதிரம் பட்டால் வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது, சென்னைக்குப் பரிசோதனைக்குப் போகும்போது பேருந்திலேயே இரவெல்லாம் உட்கார்ந்திருக்காமல் நிற்கும் இடங்களில் இறங்கி நடக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அத்தனையையும் அவர் பிசகின்றி நினைவில் வைத்திருந்தார். அவசரத்தில் சொன்ன ஒன்றுதான் வேறாகப் போய்ச் சேர்ந்தது.

அன்று அவர் கொண்டுவந்தது உள்ளூர் மருத்துவர் ஒருவரின் சீட்டு. உடம்பு முழுக்க அனல் அடிப்பதாகவும், இரவில் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெறுந்தரையில் படுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். டாமோக்சிஃபென்னின் வழக்கமான பக்கவிளைவு அது. அதற்குப் பராக்ஸெடின் என்ற மருந்து எழுதப்பட்டிருந்தது. டாமோக்சிஃபென்னை உடம்பு அப்படியே பயன்படுத்திக்கொள்வதில்லை. கல்லீரலில் உள்ள சி.ஒய்.பி.2டி6 என்ற நொதி அதை எண்டாக்சிஃபென்னாக மாற்றிய பிறகே அது முழு வலுப் பெற்று, புற்றணுவில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அமரும் இடமான ஏற்பியைப் பிடித்துக்கொள்கிறது. பராக்ஸெடின் அந்த நொதியையே முடக்கிவிடும். சீட்டு எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். டாக்டர் கிளம்பிவிட்டார் என்றார்கள். மருந்தைத் தராமல் சீட்டைத் திருப்பிக் கொடுத்து, மாற்றி எழுதி வாங்கி வரச் சொன்னேன். காரணம் கேட்டார். அந்த ஒரு வரியைச் சொன்னேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. சந்து முனையில் இருபது சதவீதத் தள்ளுபடிப் பலகையோடு புதுக்கடை வந்திருந்தது. அங்கே போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். அவருடைய கைப்பேசி எண் எங்கள் கணினியில் இருந்தது என்பதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை. வாடிக்கையாளர் கடை மாறினால் அழைத்துக் கேட்பது நாகரிகமில்லை என்று அன்று எனக்குப் பட்டது. இன்றும் பாதி அப்படித்தான் படுகிறது.

நவம்பர் கடைசியில் இருமல் மருந்துக்கு வந்தார். பேச்சோடு பேச்சாக அந்த மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "நீங்கதானே தம்பி சொன்னீங்க, அது வேலை செய்யாதுன்னு" என்றார். அதில் குற்றச்சாட்டின் சாயல்கூட இல்லை. என் வாக்கியத்தின் முதல் பாதி கடைச் சத்தத்தில் கரைந்துபோயிருந்தது; மிஞ்சிய பாதியை அவர் நம்பியிருந்தார். வேலை செய்யாத மாத்திரையை எதற்குச் சாப்பிடுவது என்று அன்றிரவே நிறுத்தியிருக்கிறார். சில வாரங்களில் அனல் தணிந்து தூக்கம் வந்திருக்கிறது. "நிம்மதியா இருந்துச்சு தம்பி" என்றார். அந்த நிம்மதி அவருக்கு நான் சொன்னதன் நிரூபணமாகிவிட்டது.

என் பக்கத்து நியாயங்களும் உண்டு. 2015ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை விதிமுறைகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாக வைத்திருக்கின்றன. நான் வாயை மூடிக்கொண்டு விற்றிருந்தால்தான் தவறு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பெண்களை வைத்து 2010இல் வெளியான ஆய்வு, இவ்விரண்டையும் சேர்ந்து உட்கொண்ட காலம் நீள நீள மார்பகப் புற்றுநோய் மரணம் கூடியதைக் காட்டியது. ஆனால் பின்னால் வந்த வேறு ஆய்வுகள் அப்படிக் கூடுதல் ஆபத்தைக் காணவில்லை. மேலும், மாதவிடாய் நிற்கும் பருவத்து அனலுக்கென்றே 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து குறைந்த அளவுப் பராக்ஸெடின். ஆகவே அந்த உள்ளூர் மருத்துவர் ஒன்றும் இல்லாததை எழுதிவிடவில்லை. வலு குறையக்கூடும் என்பதுதான் சரியான பேச்சு. வேலை செய்யாது என்றது அளவு மீறிய பேச்சு. ஆனால் "குறையக்கூடும்" என்று சொன்னால் யார் சீட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறார்கள்? பயம் சேர்த்தால்தான் சொல் நிற்கும் என்பது இந்தத் தொழிலில் நான் பழகிய வித்தை, அதை இன்றுவரை முழுவதும் விட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள மார்பகப் புற்றுநோயில் ஐந்தாண்டு டாமோக்சிஃபென், முதல் 15 ஆண்டுகளில் அந்நோயால் நேரும் மரணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது. அந்த ஐந்தாண்டிலிருந்து பதினொரு வாரத்தைப் பிடுங்கியது ஒரு மருந்தின் மேல் நான் காட்டிய எச்சரிக்கை. எது பெரிய ஆபத்து என்று நிறுத்துப் பார்க்கத் தராசு என்னிடம் இல்லை.

கடையிலிருந்தே சென்னை மருத்துவமனைக்கு அவரைப் பேச வைத்தேன். அன்றிரவே மறுபடி தொடங்கச் சொன்னார்கள். நேரில் வரும்படியும், அனலுக்கு வேறு மருந்து தருவதாகவும் சொன்னார்கள். பின்னர் எழுதியது வென்லாஃபாக்சின். அது அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. பேசி முடித்ததும் அவர் பையைத் துழாவிப் பழைய அட்டையை எடுத்து வைத்தார். நான்கு குழிகள் காலி. மீதி ஆறின் பின்னால் செப்டம்பர் 14 முதல் 19 வரை அவருடைய கையெழுத்தில் தேதிகள். இதைச் சாப்பிடலாமா, புதுசு வாங்கணுமா என்று கேட்டார். காலாவதிக்கு இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. சாப்பிடலாம் அக்கா என்றேன். என் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். வெள்ளித்தாளில் மை வழுக்கியதால் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை அழுத்தி, பழைய தேதிகளின் மேலேயே புதிய தேதிகளை எழுதினார். பின்னால் நின்றவர் ஒரு காய்ச்சல் மாத்திரைக்காகக் காசை நீட்டிக்கொண்டே இருந்தார்.