எழுமாற்று வரிசைமாற்றமும் ஒரு வீண் பஸ் பயணமும்

இறுதியாண்டு ஆய்வறிக்கையை ஒருவழியாகக் கையளித்தாயிற்று. மரங்களில் எழுமாற்று வரிசைமாற்றங்களின் அவத்தை மாற்றம்தான் தலைப்பு. திருகோணமலையில் இதைத் தொட நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். மாதிரி சுருக்கமாக இதுதான். மரம் என்பது வளையமில்லாமல் கிளைத்துப் போகும் புள்ளிகளின் வலை, புள்ளிக்கு ஒரு துகள். ஒவ்வொரு கிளையிலும் எழுமாற்றான நேரங்களில் இரு முனைத் துகள்களும் இடம் மாறும். குறித்த ஒரு நேரத்தில் நிறுத்தினால் கிடைக்கும் புது ஒழுங்கே வரிசைமாற்றம். ஒரு புள்ளியின் துகள் போன இடம், அங்கிருந்த துகள் போன இடம் என்று தொடர்ந்தால் தொடங்கிய புள்ளிக்கே வரும் சுற்றுத்தான் சக்கரம், சிலவேளை அது முடிவில்லாமலும் போகும். நேரத்தைக் கூட்டும்போது முடிவிலிச் சக்கரம் தோன்றுவதுதான் அவத்தை மாற்றம்.

வாசிப்பில் சிரமமில்லை. 1993இல் கணிதவியலாளர் டோத் இதைக் காந்தத்துக்கான குவாண்டம் மாதிரியான ஹைசன்பர்க் மாதிரியோடு இணைத்தது, 2003இல் ஏஞ்சல் மரத்தில் முடிவிலிச் சக்கரங்களைக் காட்டியது, அப்புறம் ஹமண்ட் (அவர் நிறுவியது கீழே வரும்). இவை போதும்.

கணினியில்தான் உயிர் போனது. "பெரிய மரமாகப் போடு, சரிவரும்" என்றார்கள். வராது! இரண்டிரண்டாகக் கிளைக்கும் மரத்தை 20 மட்டம் வளர்த்தால் 20 இலட்சத்துக்கு மேல் புள்ளிகள். அதில் பாதி இலைகள். சராசரி எடுத்தால் ஓரத்தில் நடப்பதுதான் தெரியும். முழு மரத்தையும் கட்டாமல், வேரில் தொடங்கும் துகளை மட்டும் பின்தொடருங்கள். அந்தக் குறித்த நேரம் முடிந்தால் அதே புள்ளியில் 0இலிருந்து மறுபடி. புதுப் புள்ளியை எட்டும்போது மட்டும் அதன் கிளைகளுக்கு இடமாற்று நேரங்களைப் போட்டுச் சேமியுங்கள். எங்களுக்குள் கைமாறும் ஒரு புரோகிராம், துகள் பழைய புள்ளிக்குத் திரும்பி வரும்போதெல்லாம் அந்த நேரங்களைப் புதிதாகப் போடுகிறது. அதைத் தொடவே வேண்டாம்.

வாய்மொழித் தேர்வில் எதிர்பார்த்த கேள்வியே வந்தது. ஒவ்வொரு கிளையிலும் இடமாற்று வீதம் 1 என்றால், இரண்டிரண்டாகக் கிளைக்கும் மரத்தில் நேரம் 0.693ஐத் தாண்டியதும் முடிவிலிக் கூறு, அதாவது இடமாற்று நடந்த கிளைகளால் இணைந்த முடிவில்லாத புள்ளிக் கூட்டம், வந்துவிடுகிறது. சக்கரமும் அங்கேயே முடிவிலியாகுமா? ஆகும் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு இடமாற்று இரண்டு சக்கரங்களை ஒட்டலாம், ஒன்றை இரண்டாக வெட்டவும் செய்யலாம். நேரம் கூடினால் சக்கரமும் வளரும் என்பதற்கே உத்தரவாதமில்லை. கிளைகள் போதியளவு அதிகமான மரங்களில் முடிவிலிச் சக்கரம் தோன்றத் தொடங்கும் மாறுநிலை நேரம் ஒன்றேதான் என்று ஹமண்ட் நிறுவியது அதனால்தான் பெரிய வேலை. இதைச் சொன்னதும் பரிசோதகர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மிச்சம் கையொப்பம். இரண்டாவது மேற்பார்வையாளர் மட்டக்களப்பில். அசல் கையொப்பம்தான் வேண்டும் என்று கிளார்க் அடித்துச் சொன்னதால் ஏ15 வீதியால் பஸ்ஸில் போனேன். சேர் அன்று கொழும்பில். வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றால், "ஸ்கான் பண்ணி மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்கிறார் அதே கிளார்க். அன்று மாலையே அனுப்பிவைத்தார் சேர். நீங்கள் அந்த விதியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பைண்டிங்குக்கும் கையொப்பம் வரும்வரை கொடுக்காதீர்கள், கையொப்பப் பக்கம் உள்ளே போக வேண்டும்.