தக்கைப்பூண்டு: விதைக்கிற நாளை விட மடக்குகிற நாள்தான் கணக்கு

நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பிசானம் (ஐப்பசியில் தொடங்கும் நெல் போகம்) அறுத்த பிறகு வயல் மூன்று மாதம் சும்மா கிடக்கிறது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் ஜூனில் கார் போகம். கார் இல்லாத குளத்துப் பாசனக்காரருக்கு ஐப்பசி வரைக்கும் தரிசுதான். பசுந்தாள் உரம் போட, அதாவது தக்கைப்பூண்டு போன்ற செடியை வளர்த்துப் பச்சையாகவே மண்ணுக்குள் மடக்கி உழ, நமக்கு இருப்பது இந்த இடைவெளி மட்டுமே. கார் அறுப்புக்கும் பிசான நடுகைக்கும் நடுவில் செடி வளரத் தேவையான நாற்பத்தைந்து நாள் கிடைக்காது, அங்கே முயல வேண்டாம்.

பயறு வகை போட்டாலே மண் தேறிவிடும் என்று சொல்வது பாதிதான் சரி. உளுந்தை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய், பருப்பு அடித்தபின் மிஞ்சும் பொட்டு, சருகை மாட்டுக்கு வைத்துவிட்டால் வயலுக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலை மட்டும். வேர் முடிச்சு காற்றிலிருந்து பிடித்துக் கொடுத்த தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கு பருப்புக்குள் போய்விடுகிறது. உளுந்து நல்ல வருமானம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை உரக்கணக்கில் எழுதக்கூடாது. மண்ணுக்கு என்று போடுவதை மண்ணிலேயே விட வேண்டும், அதுவும் சரியான வயதில்.

நஞ்சைக்குத் தக்கைப்பூண்டுதான் முதல் தேர்வு. தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், உவர் தட்டிய வயலிலும் வரும். சித்திரையில் ஒரு கோடை மழை கிடைத்ததும் இரண்டு சால் புழுதி உழவு ஓட்டி, ஏக்கருக்கு 20 கிலோ வீசி, மரமடித்து (பரம்புப் பலகை இழுத்து) மூட வேண்டும். கோட்டை, மரக்கால் விதைப்பாட்டுக் கணக்கு ஊருக்கு ஊர் மாறுவதால் ஏக்கரிலேயே சொல்கிறேன். 20 கிலோ அதிகமாகத் தெரியும். பத்துக் கிலோவோடு நிறுத்தினால் செடிக்கு இடம் கிடைத்துப் பக்கம் கிளைத்து, தண்டு விறகாகிவிடும். நெருக்கம் இருந்தால்தான் தண்டு மெலிந்து, இளசாக நிமிர்ந்து வரும்.

நெல்லுக்குப் போட வைத்திருக்கும் சூப்பர் பாஸ்பேட்டில் ஒரு மூட்டையை இதற்கே அடியுரமாகப் போட்டுவிடுங்கள். முடிச்சு வளர மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும். மடக்கிய பிறகு அது நெல்லுக்குத்தான் வந்து சேரப்போகிறது. யூரியா மட்டும் கூடாது. கைக்கெட்டிய தூரத்தில் தழைச்சத்து கிடைத்தால் செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

இதுவரை பயறு வகையே போடாத வயல் என்றால் ரைசோபியம் (வேரில் முடிச்சு உண்டாக்கும் நுண்ணுயிர் உரம்) அவசியம். சோறு வடித்த கஞ்சியை நன்றாக ஆறவைத்து, பொட்டலத்தைக் கரைத்து, விதையில் பிசறி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். சூட்டுக் கஞ்சியில் கலந்தாலும் வெயிலில் காயவைத்தாலும் நுண்ணுயிர் செத்துப்போகும், பிசறியது வீண்.

முப்பத்தைந்தாம் நாள் ஒரு சோதனை. நாலைந்து இடத்தில் செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பாருங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும், இல்லை என்று ஏமாந்துபோவோம். கிடைத்த முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, கறி நிறத்தில் இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அல்லது தவறான நுண்ணுயிர் குடியேறியிருக்கிறது. பச்சையோ பழுப்போ என்றால் அந்த முடிச்சின் வேலை முடிந்துவிட்டது.

மடக்க வேண்டியது 45 முதல் 50 நாளுக்குள், முதல் பூ எட்டிப் பார்க்கிற சமயம். அறுபது தாண்டினால் தண்டில் நார் ஏறிவிடும். நார் ஏறிய தண்டை மக்கவைக்க, நுண்ணுயிர் மண்ணில் இருக்கிற தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். உரம் போட்ட வயலில் நெல் வெளுத்து நிற்கும். அப்போதுதான் “பூண்டு போட்டேன், பிரயோசனம் இல்லை” என்ற பேச்சு வருகிறது.

நம் பக்கத்துச் சிக்கலே இதுதான். அணை திறக்கும் தேதி நம் கையில் இல்லை. தண்ணீர் வராமல் காய்ந்த மண்ணில் மடக்கி, மூன்று வாரம் கழித்து வயலை நிரப்பினால், அதற்குள் நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்தில் கணிசமான பங்கு நீர் கட்டியதும் காற்றோடு போய்விடும். ஆகவே தண்ணீர் உறுதியாகாமல் மடக்காதீர்கள். செடி முற்றிக்கொண்டே போகிறதென்றால் மேல்பாதியை அறுத்துத் தென்னைக்கும் வாழைக்கும் மூடாக்காகப் போடுங்கள். அடித்தண்டு அடுப்புக்கு ஆகும். அரைகுறையாக வயலில் மடக்குவதை விட அது மேல்.

தண்ணீர் வந்துவிட்டால் இரண்டு அங்குலம் கட்டி, ஒருநாள் ஊறவிட்டு, டிராக்டர் ஓடும் திசையிலேயே முதலில் பரம்பு மரத்தை இழுத்துச் செடியைச் சாய்த்துவிட வேண்டும். நிற்கிற செடியில் நேரே ரோட்டவேட்டரை விட்டால் கத்தியில் சுற்றும், டிரைவர் பாதியில் முகம் சுளிப்பார். பிறகு கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுத் தொளி கலக்க வேண்டும். மடக்கிய நாளிலிருந்து வாமடையை (வயலில் தண்ணீர் போகும் வாயை) திறக்கவே கூடாது. காப்பி நிறத்தில் நிற்கிறதே, அந்தத் தண்ணீரோடுதான் சத்து வெளியேறும். மேல் வயல்காரர் பூண்டு வளர்க்க, கீழ் வயல்காரர் அறுவடை செய்த கதையாகிவிடும்.

நடுகை ஏழு முதல் பத்து நாள் கழித்து. மறுநாளே நட்டால், மக்கும்போது வருகிற அமிலமும் வாயுவும் இளவேரைத் தாக்கும். நாற்று மஞ்சளடிக்கும், பிடுங்கினால் வேர் கறுத்திருக்கும். காலை வைத்தால் குமிழி கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் இன்னும் பொறுங்கள். அவசரத்தில் நட்டாயிற்று என்றால், தண்ணீரை வடித்து மயிரிழை வெடிப்பு வரும்வரை காயவிட்டு மறுபடி கட்டினால் பயிர் மீண்டு வரும்.

யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்? ஆளுக்கொரு பதில் சொல்வார்கள், நீங்களே எடை போட்டுப் பார்த்துவிடலாம். மடக்கும் முன் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் போட்டு, உள்ளே இருப்பதை அடியோடு அறுத்துத் தராசில் வையுங்கள். நாலு இடத்தில் சராசரி 2 கிலோ வந்தால் ஏக்கருக்கு 8 டன் பச்சை. காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1.6 டன். அதில் தழைச்சத்து நூற்றுக்கு இரண்டரை என்று வைத்தாலும் 40 கிலோ. அத்தனையும் இந்தப் போகத்துக்கே கிடைக்காது. பாதி என்று பிடியுங்கள்: 20 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆக, ஒரு மூட்டையைத் தைரியமாகக் குறைக்கலாம், அடியுர யூரியாவை முழுக்க விட்டுவிடலாம். மேலுரத்தை இலை வண்ண அட்டையை (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை) பார்த்துப் போடுங்கள். பூண்டும் போட்டு, வழக்கமான யூரியாவும் போட்டால் பயிர் கருகருவென்று நின்று, இலைச்சுருட்டுப் புழுவைக் கூப்பிடும். பிசானத்தில் மார்கழிப் பனி சேர்ந்தால் குலைநோயும் வரும், கதிர் முற்றும்போது சாய்ந்தும் போகும்.

ஆடு மேயும் ஊரில் தக்கைப்பூண்டு நிலைக்காது. வேலி போட முடியாதவர்களுக்குக் கொளிஞ்சி. ஆடுமாடு அதைத் தொடாது, வறட்சி தாங்கும், மணற்பாங்கான நிலத்திலும் வரும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ போதும். ஆனால் விதையின் தோல் கல்மாதிரி, அப்படியே விதைத்தால் பத்தில் ஒன்று முளைத்தால் பெரிது. உரலில் ஆற்றுமணல் சேர்த்து லேசாக இடித்துத் தோலைச் சிராய்க்கலாம். அல்லது 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுக்கலாம். கொதிநீர் ஒரு பங்கு, பச்சைத்தண்ணீர் இரண்டு பங்கு கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும். கிடைக்கிற தழை தக்கைப்பூண்டில் மூன்றில் ஒரு பங்குதான், வளர்ச்சியும் மெதுவு. பதிலுக்கு, காய் வெடித்துச் சிந்திய விதை அடுத்த கோடை மழைக்குத் தானாகவே முளைக்கும். வருஷா வருஷம் விதைச் செலவு இல்லை. நாங்குநேரிப் பக்கத்துக் குளத்து வயல்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

களக்காடு, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வாழைக்கு இடையில் என்றால் சணப்பு. வாழை நட்டு ஒன்றரை மாதத்தில் வரிசைக்கு நடுவே விதைத்து, முப்பது நாற்பது நாளில் கொத்தி மூடிவிட வேண்டும். வேரில் நோய் முடிச்சு உண்டாக்கும் நூற்புழுவை அது வளர்க்காது என்பது கூடுதல் லாபம். சணப்பு நாருக்கே வளர்க்கிற செடி, தக்கைப்பூண்டை விட வேகமாக முற்றும். ஒரு வாரம் பிந்தினாலும் மண்வெட்டி இறங்காது. விதையை மாட்டுக்கு எட்டாமல் வையுங்கள், அது நஞ்சு.

எதற்குமே நேரமில்லை என்பவர்கள் வரப்பில் கிளைரிசிடியா மரத்தின் போத்து (வெட்டிய கிளை) ஊன்றலாம். மழைக்காலத்தில் மூன்றடி நீளப் போத்தை ஓரடி ஆழம் ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் வருஷத்திலிருந்து குழை (வயலில் மிதிக்கிற பச்சிலைக் கொப்பு) வெட்டலாம். புங்கமும் பூவரசும் இதற்கு ஆகும். ஏக்கருக்கு இரண்டரை டன் குழை வேண்டும், அதை வெட்டிச் சுமக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். குழை மிதிக்கிற வழக்கம் ஊரில் மறைந்ததற்குக் காரணம் யூரியா மட்டுமில்லை, கூலியும்தான்.

நெல் தரிசு உளுந்து பற்றி ஒரு விஷயம். பிசானம் அறுக்க ஏழெட்டு நாள் இருக்கும்போது, மண் மெழுகுபோல இருக்கையில் ஏக்கருக்கு 10 கிலோ வீசுவது வழக்கம். இது கையால் அறுத்த காலத்துக் கணக்கு. இப்போது அறுவடை மிஷின் ஏறி இறங்கினால் தடத்தில் முளைத்தது நசுங்கிவிடும், வாலில் கொட்டும் வைக்கோல் மீதியை மூடிவிடும். மிஷின் அறுப்பு என்றால் வைக்கோலை உடனே கட்டி எடுத்துவிட்டு, ஈரம் காயும் முன் ஒரு சால் ஓட்டி விதைப்பதுதான் வழி. பூக்கும்போது ஒருமுறை, பதினைந்து நாள் கழித்து மறுமுறை 2 சதவீத டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) கரைசல் தெளியுங்கள்: 4 கிலோவை முந்தின இரவே ஊறப்போட்டு, தெளிவை இறுத்து, 200 லிட்டராக்கினால் ஒரு ஏக்கருக்கு. அறுக்கும்போது பிடுங்காமல், அரிவாளால் அடியோடு அறுத்தால் வேராவது வயலில் நிற்கும்.