எழுபதுக்கு எழுபது

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன் அடித்தால் ஒன்று துக்கச் செய்தி, இல்லையென்றால் சித்தப்பா. எடுத்தேன். சித்தப்பா.

"டேய், சத்தம் போடாமக் கேளு. அமெரிக்காக்காரன் ஏமாந்துட்டான்டா."

நான் எங்கே சத்தம் போட்டேன், கொட்டாவிதான் விட்டேன்.

விஷயம் அந்தக் காசுதான். அறுபதாம் கல்யாணத்துக்கு சித்தப்பா மகன், டெக்சாஸ் தம்பி கொண்டுவந்து கொடுத்தானே, வெள்ளிக் கழுகு என்கிற அமெரிக்க வெள்ளிக் காசு, 2022. சேர்த்து வைக்கிறவர்களுக்காகத் தனியாகப் பளபளவென்று அடிக்கிற புரூஃப் காசு. தரையெல்லாம் முகம் பார்க்கிற கண்ணாடி, உருவம் மட்டும் பனி படிந்த மாதிரி வெள்ளை. காசுக்குத் தரம் பார்த்து மார்க் போடுகிற கம்பெனி பிரிக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து, மேலே சீட்டில் பிஎஃப் 70 என்று போட்டிருக்கும். அதுதான் உச்ச மார்க். சித்தப்பா பள்ளிக்கூடத்தில் எழுபதைக் கண்ணால் பார்த்ததில்லை என்பதால், கேஸ் சிலிண்டர் போட வருகிற பையனுக்குக்கூட அதை எடுத்துக் காட்டுவார்.

ரிட்டயர்டு ஆனதிலிருந்து, "இந்தக் காசு உங்க வீட்ல இருக்கா" வகை வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிறார். பிழையாக அடித்த காசுக்கு விலை கூடவாம். அந்த ஞானத்தில் ரெண்டு பிழையைக் கண்டுபிடித்துவிட்டார்.

முதல் பிழை: விளிம்பில் சுற்றிலும் பல் பல்லாக வரி இருக்கிறதே, அதில் ஓரிடத்தில் ஒரு பல் இல்லை. எனக்கும் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது. செல்லைத் தட்டிப் பார்த்தால், 2021-இல் கழுகுப் பக்கத்து உருவத்தை மாற்றியபோதே கள்ளக்காசைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றே அப்படி விட ஆரம்பித்துவிட்டார்களாம். பல் இல்லாததுதான் ஒரிஜினல்.

"வேணும்னே எவனாச்சும் பல்லப் புடுங்குவாய்ங்களாடா?" என்றார் சித்தப்பா. அவருக்கே மேல்வரிசையில் ஒன்று இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது பிழைதான் பெரிய பிழை. காசின் முன்பக்கத்தில் இருக்கிற அந்தம்மா நீட்டியிருக்கிற கைக்குக் கீழே, கண்ணாடித் தரையில், முடி மாதிரி வளைந்து ஒரு கோடு. "காசு அடிக்கிற வெள்ளி வில்லையத் துணியில தொடைச்சிருக்காய்ங்க. நூலு ஒண்ணு ஒட்டிக்கிருச்சு. அப்படியே அச்சுல வச்சு அமுக்கிட்டாய்ங்க. நூலு போயிருச்சு, பள்ளம் நின்னுருச்சு!"

இது உளறலும் இல்லை. புரூஃப் காசில் உண்மையிலேயே நடப்பதுதான். நூலோ, எண்ணெய்ப் பிசுக்கோ நடுவில் மாட்டினால் காசில் பள்ளம் விழும். அச்சிலேயே கீறல் இருந்தால் காசில் மேடாக எழும்பும்.

"எழுபது போட்டவன் இதப் பாக்கலையா சித்தப்பா? அஞ்சு மடங்கு பெருசாக்கிப் பாத்துத்தான போடுவான்?"

"அது அடிச்சதுக்கப்புறம் வந்த குறைக்குடா. பொறக்கும்போதே வந்தது கணக்குல வராது. பிழைன்னு சீட்டுல எழுதணும்னா தனியாப் பணம் கட்டணும்."

வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய ஆள்.

ஆக, காசை நகைப் பத்தரிடம் காட்ட, தெற்கு ஆவணி மூல வீதிக்கு என் வண்டியில் கிளம்பினோம். என் பெட்ரோல். வண்டியை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று. கோயிலுக்கு வெளியே இத்தனை பிரதட்சணம் செய்ததற்கு மீனாட்சி ஏதாவது பார்த்துச் செய்தால் உண்டு. விளக்குத்தூண் பக்கம் போனதும், "ஏவாரம் படிஞ்சா நீ கேக்குறத வாங்கித் தாரேன்" என்று சொல்லிக்கொண்டே ரெண்டு ஜிகர்தண்டா குடித்தார். அதுவும் என் காசு, பிழையில்லாத காசு.

பத்தர் ஞாயிற்றுக்கிழமையும் பட்டறையில் இருக்கிற மனுஷர். அமெரிக்கா, எழுபது என்று சித்தப்பா ஆரம்பித்த எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, விளக்குக்கு அடியில் பெட்டியை அங்கிட்டும் இங்கிட்டும் சாய்த்தார்.

"கோடு ரெண்டாத் தெரியுதுல்ல?"

பார்த்தேன். ஆமாம். சாய்க்கச் சாய்க்க ரெண்டும் விலகி விலகிப் போகிறது.

"காசுல இருந்தா ஒண்ணாத்தான் தெரியும். இது மேல பிளாஸ்டிக்குல இருக்கு. அதோட நெழலுதான் உள்ள கண்ணாடியில விழுகுது. இந்தா, பொடிசா இன்னும் நாலஞ்சு இருக்கு. யாரோ போட்டுத் தேய்ச்சிருக்காக." நகத்தால் பெட்டி ஓரத்துச் சந்தைச் சுரண்டினார். வெள்ளையாக ஏதோ வந்தது. மோந்து பார்த்தார். "விபூதி."

நாங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

சித்தி வாசலிலேயே வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. கேட்டதும் கொஞ்சமும் அசரவில்லை.

"வெள்ளிய விபூதி போட்டுத் தேய்க்காம வேற எதப் போட்டுத் தேய்ப்பாக? வெள்ளிக்கெழமதோறும் குத்துவிளக்கோட சேத்துத்தான் தேய்க்கிறேன்."

"அது பிளாஸ்டிக்குடி!"

"எதுவா இருந்தா என்ன. மூணு வருஷங்கழிச்சுப் புள்ள வரும்போது கறுத்துக் கெடந்தா, நாங்குடுத்தத இப்படியா வச்சிருக்கீகன்னு நெனைக்க மாட்டானா?"

சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் பெட்டியைப் பழையபடி நேராக வைத்தார். ஓரத்தில் மிச்சமிருந்த விபூதியை விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டார்.

நான் வண்டியை எடுக்கும்போது தெருமுனை வரைக்கும் கூடவே வந்தார். ஜிகர்தண்டா காசைத்தான் தரப்போகிறார் என்று நினைத்தேன்.

"டேய், அந்தப் பல்லு விசயத்த மட்டும் இன்னொருக்கா நல்லா விசாரிச்சுப் பாருடா."